களங்கம் என்ற சொல்லை அவர்கள் யாரும் சொல்லவில்லை

எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களைப் பற்றிய என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நெறியாளரிடமிருந்து திரும்பி வந்தபோது, அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தது. நீங்கள் 'களங்கம்' என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் அந்தப் பெண்கள் என்ன சொல்லைச் சொன்னார்கள் என்று கேட்டிருந்தார். எளிதில் பதில் சொல்லிவிடலாம் என்று எண்ணி ஒலிப்பதிவுகளைத் திரும்பக் கேட்கத் தொடங்கினேன். இரண்டு வாரம் கேட்டேன். ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவில்லை. 'அசிங்கமாப் போயிடும்' என்றார்கள், 'பேர் கெட்டுடும்' என்றார்கள், 'ஒதுக்கி வச்சிட்டாங்க' என்றார்கள்; தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டதைச் சொன்னார்கள்; சிலர் எதுவும் சொல்லாமல் பேச்சைப் பிள்ளையின் படிப்புக்கு மாற்றினார்கள். இவை அத்தனையையும் நான் ஒரே பெட்டிக்குள் கொட்டி, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன்.

எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களிடம் நேர்காணல் எடுத்து ஆராய்ந்த ஆண்டுகளைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்தும் தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், ஆய்வு தொடங்கும் மாணவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி: எந்தக் கோட்பாட்டைப் போடலாம்? சமையலில் எந்த மசாலாவைப் போடலாம் என்று கேட்பதைப் போன்ற இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். அதனால் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை.

நான் முதலில் 'போட்ட' கோட்பாடு எர்விங் கோஃப்மனுடையது. அமெரிக்கச் சமூகவியலாளரான அவர் 1963-இல் எழுதிய சிறிய நூல்தான் இத்துறையில் இன்றுவரை எல்லோரும் தொடங்கும் இடம். பழைய கிரேக்கத்தில் அடிமை, குற்றவாளி, துரோகி ஆகியோரின் உடலில் சுட்டோ வெட்டியோ இடப்பட்ட அடையாளத்துக்குப் பெயராக இருந்த 'ஸ்டிக்மா' என்ற சொல்லை எடுத்துக்கொண்ட அவர், அதை உடலில் இருக்கும் ஒரு குறையாகப் பார்க்காமல் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நிகழும் ஓர் உறவாகப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சூழலில் இழிவாகக் கருதப்படுவது இன்னொரு சூழலில் சாதாரணமாக இருக்கலாம். இழிவு பார்ப்பவரின் கண்ணுக்கும் பார்க்கப்படுபவருக்கும் நடுவில்தான் உருவாகிறது.

நாம் அந்தச் சொல்லைத் தமிழில் 'களங்கம்' என்று ஆக்கியபோது இந்த நுட்பத்தைத் தவறவிட்டோம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. களங்கம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நிலவு. நிலவின் களங்கம் நிலவில்தான் இருக்கிறது; பார்ப்பவருக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. களங்கம் உள்ள பெண் என்று எழுதியவுடனேயே, அந்தக் கறை அவளுடையது என்று வாக்கியம் முடிவு செய்துவிடுகிறது. மாறாக, விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் நாம் பார்த்துப் பழகிய 'ஒதுக்குதல்' என்ற சொல் எவ்வளவோ மேல். ஒதுக்குதல் என்றால் ஒதுக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். யார் என்று கேட்க முடியும். அமெரிக்க ஆய்வாளர்களான புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் ஆகிய இருவரும் 2001-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆங்கிலச் சொல்லைப் பற்றியே ஏறக்குறைய இதே ஐயத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்: ஒரு சொல் நம் பார்வையைப் பாதிக்கப்பட்டவர்மீது திருப்புகிறது, இன்னொரு சொல் பாதிப்பை உண்டாக்குபவர்மீது திருப்புகிறது. அதைப் படித்தபோது அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். ஆனால் நேர்காணல் வரிகளை வகைப்படுத்த நான் வைத்திருந்த சொந்தக் குறியீட்டுப் பட்டியலில் அது எதையும் மாற்றவில்லை. படித்ததும் செய்ததும் இரு வேறு அறைகளில் இருந்தன.

கோஃப்மனிடம் எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது வேறொரு பாகுபாடு. ஏற்கெனவே பிறர் அறிந்துவிட்ட இழிவோடு வாழ்பவரின் சிக்கல் வேறு, இன்னும் வெளியே தெரியாத, ஆனால் எப்போது வேண்டுமானாலும் தெரிந்துவிடக்கூடிய இழிவோடு வாழ்பவரின் சிக்கல் வேறு என்கிறார் அவர். முன்னவர் பிறரின் பார்வையைச் சமாளிக்க வேண்டும். பின்னவர் செய்தியைச் சமாளிக்க வேண்டும். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் பெண்ணின் உடலில் இன்று வெளியே தெரியும் அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே அவர்களுடைய நாள் முழுவதும் செய்தியைச் சமாளிப்பதிலேயே கழிகிறது. மாத்திரைப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிடுகிறார்கள். அரிசிப் பானைக்குள் வைக்கிறார்கள். சத்து மாத்திரை என்கிறார்கள், தைராய்டு என்கிறார்கள். கல்யாண வீட்டில் இரவு தங்க நேர்ந்தால் தாளில் ஒரு மாத்திரையை மடித்து முந்தானை முடிச்சில் முடிந்துகொள்கிறார்கள். இவற்றை முதலில் நான் 'மறைத்தல்' என்று குறியிட்டு, அதனருகே அச்சம் என்றும் எழுதியிருந்தேன். திரும்பக் கேட்டபோது அச்சத்தைவிட அதிகமாக ஒரு தேர்ச்சி அந்தக் குரல்களில் இருந்தது. சிலர் தங்கள் உபாயத்தைச் சொல்லும்போது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிய எழுத்துப்படியில் நான் பதிவு செய்யவே இல்லை.

எழுத்துப்படி என்றதும் மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேர்காணல்கள் தமிழில் நடந்தன. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும். நடுவில், வேலையை மிச்சப்படுத்த, எழுத்துப்படிகளையே ஆங்கிலத்தில் ஆக்கிக் கணினியில் ஏற்றிக் குறியிட்டேன். இது நான் செய்த பெரிய பிழை. தொற்றைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலான பெண்கள் 'எனக்கு வந்துடுச்சு' என்றார்கள். கணவரிடமிருந்து வந்தது என்று தெரிந்தவர்களும்கூட 'அவருக்கு இருந்துச்சு, எனக்கும் வந்துடுச்சு' என்றே சொன்னார்கள். தமிழில் நோய் வரும், பசி வரும், தூக்கம் வரும், கல்யாண யோகம்கூட வரும். எனக்கு வந்தது என்ற வாக்கியத்தில் நான் செய்பவளும் இல்லை, எனக்குச் செய்தவன் ஒருவனும் இல்லை. என் ஆங்கிலத்தில் இது 'என் கணவர் எனக்குத் தொற்றை ஏற்படுத்தினார்' என்று ஆகியிருந்தது. ஒரே அடியில் குற்றவாளியும் குற்றம் சாட்டுபவளும் உருவாகிவிட்டார்கள். பிறகு அந்த ஆங்கில வாக்கியங்களை எண்ணிப் பார்த்து, இப்பெண்களின் கதைகளில் கணவன்மீதான பழி மையமாக இருக்கிறது என்று ஒரு பத்தி வேறு எழுதினேன்! அவர்கள் பழி சுமத்தவே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சிலர் கடுமையாகவே சுமத்தினார்கள். அப்போது 'கொடுத்துட்டுப் போயிட்டாரு' என்று வினைச்சொல்லையே மாற்றினார்கள். 'வந்துடுச்சு' என்பதிலிருந்து 'கொடுத்துட்டாரு' என்பதற்கு ஒரு பெண் எந்த இடத்தில் தாவுகிறாள் என்று கவனிப்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான வேலை. பெரும்பாலும் அது மாமியார் வீட்டைப் பற்றிய பேச்சு வரும்போது நிகழ்ந்தது.

இதோடு சேர்த்து என் முதல் கேள்வியைப் பற்றியும் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இது எப்படி வந்தது என்று கேட்டுத்தான் நேர்காணல்களைத் தொடங்கினேன். வெறும் தகவல் கேள்வி என்று எண்ணினேன். அதற்குப் பின்னால் இருந்த வரலாற்றை நான் சற்றேனும் யோசித்திருக்க வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தவர்கள், பாலியல் தொழில் தொடர்பாகப் பிடிக்கப்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள். வேலூரில் சோதித்த மாதிரிகளில் ஆறு, தொற்று இருப்பதாகக் காட்டின. அறிவியலாக அது துணிவான, காலத்தால் பெரிதும் உதவிய பணி. ஆனால் நோய் இந்த நாட்டுக்குள் ஒரு செய்தியாக நுழைந்ததே, அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களின் உடல் வழியாகத்தான். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் 'எப்படி வந்தது' என்ற கேள்வி ஒரு பெண்ணிடம் கேட்கப்படும்போதெல்லாம், நீ எந்த வகைப் பெண் என்ற கேள்வியும் அதற்குள் ஒளிந்திருந்தது.

சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்துக்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றி 2000-இல் வெளியான ஒரு கட்டுரை, அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு எவருடனும் உறவு இல்லாத இல்லத்தரசிகள் என்று காட்டியது. திருமணமே ஆபத்தாக இருக்க முடியும் என்பதை அது வெளிச்சமிட்டது. மிகவும் தேவையான உண்மை அது. ஆயினும் அந்த உண்மை பொதுப்பேச்சுக்குள் வந்ததும் 'ஒரு தப்பும் செய்யாத மனைவி' என்ற உருவம் பிறந்தது. ஒருத்தி தப்பு செய்யாதவள் என்றால், தப்பு செய்தவள் என்று இன்னொருத்தி எங்கோ இருக்க வேண்டும். என் கேள்விக்குப் பதில் சொன்ன பெண்கள் 'நான் அந்த மாதிரி இல்லை' என்று தொடங்கியதன் காரணம் இதுதான். அதைத் தூண்டியவன் நானே. அவர்களுடைய தன்னிழிவுக்குச் சான்றாக நான் அடுக்கியிருந்த பல வரிகள், என் கேள்விக்கு எதிராக அவர்கள் எடுத்துக்கொண்ட தற்காப்பாக இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் எச்.ஐ.வி. ஆய்வாளர்களான ரிச்சர்ட் பார்க்கரும் பீட்டர் ஆகில்டனும் 2003-இல் எழுதிய கட்டுரை எனக்குப் புரியத் தொடங்கியது. கோஃப்மனைப் பின்பற்றியவர்கள் இழிவை ஒருவர் மனத்துக்கும் இன்னொருவர் மனத்துக்கும் இடையிலான விஷயமாகச் சுருக்கிவிட்டார்கள் என்பது அவர்களுடைய மனக்குறை. பிரெஞ்சுச் சிந்தனையாளர்களான மிஷல் ஃபூக்கோவையும் பியர் பூர்தியுவையும் துணைக்கழைத்து அவர்கள் சொல்வது: எச்.ஐ.வி. சார்ந்த இழிவு புதிதாக வெற்றிடத்தில் முளைப்பதில்லை. ஆண்–பெண், மேல்–கீழ், பணம், நிறம் என்று முன்பே வெட்டப்பட்டுள்ள வாய்க்கால்களில்தான் அது ஓடுகிறது, ஓடி அந்த வாய்க்கால்களையே இன்னும் ஆழப்படுத்துகிறது.

நம் ஊரில் அந்த வாய்க்கால்களில் ஒன்று கைம்மை. நான் சந்தித்த பெண்களில் பலர், கணவர் படுத்த படுக்கையானபோதோ இறந்த பிறகோ, அல்லது கர்ப்பகாலப் பரிசோதனையிலோதான் தங்கள் நிலையை அறிந்தவர்கள். கணவர் இறந்த வீட்டில் முதலில் எழுந்த சொல் நோயைப் பற்றியது இல்லை. அவள் கால் வைத்த நேரம், புருஷனை விழுங்கியவள் என்பனவே முதலில் வந்தன. எச்.ஐ.வி. என்ற சொல் இந்தியாவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்த பழி அது. நோய்ச்செய்தி பின்னால் வந்து அந்தப் பழிக்குள் வசதியாக உட்கார்ந்துகொண்டது. யார் யாருக்குத் தொற்றினார்கள் என்ற மருத்துவ உண்மை அங்கே எடுபடவில்லை. பூவும் பொட்டும் நிறுத்தப்பட்டது, வளைகாப்புக்கு அழைக்கப்படாதது, காலையில் எதிரே வராதே என்று சொல்லப்பட்டது ஆகியவற்றில் எது கைம்மைக்காக, எது கிருமிக்காக என்று பிரித்துச் சொல்லும்படி நான் ஒருவரிடம் கேட்டபோது, அவர் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார். அவருக்கு அது ஒரே வாழ்க்கை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இலிருந்தே கணவரின் சொத்தில் மனைவிக்கு முதல் வகுப்பு வாரிசு என்ற உரிமையைத் தந்திருக்கிறது. பங்கு கேட்டால் ஊருக்கே சொல்லிவிடுவோம் என்ற ஒரு மிரட்டல் அந்த உரிமையைச் செல்லாக்காசாக்கிவிடுகிறது. இங்கே இழிவு ஓர் உணர்வாக மட்டும் இல்லாமல், இரண்டு ஏக்கரையோ ஓட்டு வீட்டையோ கைமாற்றிக்கொள்ளும் கருவியாக வேலை செய்கிறது.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் எழுதியதைப் பலரும், பல பாகுபாடுகள் ஒரே ஆள்மீது வந்து மோதும் நாற்சந்தி உவமையோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் எடுத்துப் பேசிய வழக்குகளில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. அந்நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்தது. ஆனால் அவர்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரையும் வைத்திருந்தது, அவர்களோ ஆண்கள். ஆகவே பாலினப் பாகுபாட்டையும் இனப் பாகுபாட்டையும் ஒன்றாகச் சேர்த்து வழக்காட முடியாது என்றது நீதிமன்றம். பெண் என்ற பெட்டி, நோயாளி என்ற பெட்டி, சாதி என்ற பெட்டி என்று தனித்தனியாகக் குறியிட்டுவிட்டுக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம் என்று நம்பிய நானும் அந்த நீதிமன்றத்தின் தவற்றையே செய்துகொண்டிருந்தேன். இதற்குமேல் இதை நீட்ட வேண்டியதில்லை. கைம்பெண்ணின் அந்தப் பார்வை எனக்கு இதைக் கட்டுரையைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கோட்பாடு ஒன்று களத்தில் பொய்த்துப்போவதும் பயன்தான் என்று நான் கற்றது சமூகவியலாளர் மைக்கேல் பரியிடமிருந்து. நாட்பட்ட நோய் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றையே முறித்துவிடுகிறது, நாளையைப் பற்றிய எதிர்பார்ப்புகளை உடைத்துவிடுகிறது என்று அவர் 1982-இல் இங்கிலாந்தில் மூட்டுவாத நோயாளிகளைச் சந்தித்து எழுதினார். எச்.ஐ.வி.க்கு இதைவிடப் பொருத்தமாக எது இருக்க முடியும் என்று எண்ணி, 'முறிவு' என்ற தலைப்பைக் களத்துக்குப் போகுமுன்பே எழுதி வைத்துவிட்டேன். களத்தில் அந்த முறிவு நான் வைத்த இடத்தில் இல்லை. வாழ்க்கை எங்கே மாறியது என்று கேட்டால் சிலர் பதினாறு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்ததைச் சொன்னார்கள். சிலர் கணவரின் குடியையும் அடியையும் சொன்னார்கள். ஒருவர் வெள்ளத்தில் வீடு போன ஆண்டைச் சொன்னார். சோதனை முடிவு இவற்றின் வரிசையில் இன்னொன்றாக வந்தது. நான் மட்டுமே இதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சில நாள் பெருமையாக இருந்தேன். பிறகுதான் சமூகவியலாளர் டெசிரே சியாம்ப்ரோன் 2001-இலேயே அமெரிக்கப் பெண்களைப் பற்றி இப்படியொரு முடிவை எழுதியிருந்ததைப் படித்தேன். வன்முறையும் போதைப்பழக்கமும் பிள்ளைகளைப் பிரிய நேர்ந்ததும் தொற்றைவிடப் பெரிய அடிகளாக அங்கும் இருந்திருக்கின்றன. முறிவு என்ற கருத்தே இடறில்லாமல் ஓடிய ஒரு வாழ்க்கையை முன்கூட்டியே கற்பனை செய்துகொள்கிறது என்பது அப்போது விளங்கியது.

மனிதரை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் பற்றி எழுதிய ஃபூக்கோவை நான் மிகுந்த ஆவலோடு, எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குள் கொண்டு போனேன். எண்ணுவதற்கும் கண்காணிப்பதற்கும் அங்கே குறைவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது; தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. இரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால்தான் மருந்து என்ற வரம்பு, 350, 500 என்று உயர்ந்து, 2017-இல் எண்ணிக்கை பாராமல் எல்லோருக்கும் உண்டு என்று ஆனது. ஒரு பெண் 'நோயாளி'யாகக் கணக்கில் வருவதும் வராமல் போவதும் பல ஆண்டுகள் ஓர் எண்ணைச் சார்ந்திருந்தது. மாத்திரைப் புட்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மிச்சத்தை எண்ணுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தவறாமல் விழுங்கியிருக்க வேண்டும். ஒழுங்குபடுத்தும் அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுத இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தப் பெண்கள், தங்களைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரச் சொல்லும் ஒரே இடம் அந்த மையம்தான் என்றார்கள். அங்குள்ள ஆலோசகரை அக்கா என்றார்கள். மாத்திரை எண்ணப்படுவதை, தான் சாப்பிட்டாளா என்று கேட்க ஓர் ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் அதிகாரத்தை அறியாமல் இருக்கிறார்கள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். அப்படி எழுதிய பத்தியை அழித்துவிட்டேன். கண்காணிப்பும் பரிவும் ஒரே கையிலிருந்து வரும்போது அதற்குப் பெயர் என்ன என்பதை ஃபூக்கோவை வைத்து மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

மருத்துவரும் மானுடவியலாளருமான வின்-கிம் குயென் மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டது இதற்கு ஓரளவு உதவியது. மருந்து அரிதாக இருந்த காலத்தில், புர்கினா ஃபாசோவிலும் கோட் திவாரிலும் தன் கதையைச் சிறப்பாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கே வழிகள் திறந்தன என்று அவர் எழுதுகிறார். நம் ஊரிலும் 1998-இல் பி. கௌசல்யா முதலானோர் சென்னையில் தொடங்கிய, எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களின் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் வழியே பெண்கள் மேடையேறித் தங்கள் வாழ்க்கையைப் பேசக் கற்றார்கள். அதில் இருந்த துணிவை இன்று நாம் முழுதாக உணர்வதுகூடக் கடினம். ஆய்வாளனுக்கு அது ஒரு கேள்வியை வைக்கிறது. பயிற்சி முகாமிலும் கல்லூரி மேடையிலும் பலமுறை சொல்லிச் சொல்லி உருப்பெற்ற ஒரு கதையை என் ஒலிப்பதிவுக் கருவி முன் ஒருவர் சொல்லும்போது, நான் கேட்பது அனுபவத்தையா, அந்தக் கதை வடிவத்தையா? இரண்டையும் பிரிக்க முயன்று தோற்றேன். கதை எங்கே அழும், எங்கே நிமிரும் என்று தெரிந்தே சொன்ன ஒருவர், கருவியை நிறுத்திய பிறகு, இதையே எத்தனை பேருக்குத்தான் சொல்வது என்று அலுத்துக்கொண்டார். நிறுத்தியபின் சொன்னதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன். பெயர் வேண்டாம், எழுதுங்கள் என்றார்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை அது தடுக்கிறது. அப்படியிருக்க, 'எச்.ஐ.வி. உள்ள பெண்கள் பற்றிய ஆய்வு' என்று தலைப்பிட்ட தாளில் கையெழுத்து வாங்கி என் அலமாரியில் வைத்திருப்பது யாரைப் பாதுகாக்க? வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி வாங்க மாதங்கள் பிடித்தன.

மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதியபோது தமிழ் எழுத்துப்படிகளிலிருந்தே குறியிட்டேன். 'எப்படி வந்தது' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, இன்றைக்கு மாத்திரை வாங்க எந்தப் பஸ்ஸில் வந்தீர்கள் என்று தொடங்கினேன். பக்கத்து ஊரிலேயே மையம் இருக்க, தெரிந்த முகம் எதிர்ப்படாமலிருக்க அடுத்த மாவட்டத்துக்கு இரண்டு பஸ் மாறி வருபவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் விடியற்காலை நாலரை மணி வண்டியைப் பிடிக்கிறார். போகவர டிக்கெட்டுக்கும் இழந்த கூலிக்கும் சேர்த்து மாதா மாதம் ஒரு தொகையைச் சீட்டுப் பணம் என்று வீட்டில் சொல்லி ஒதுக்குகிறார். திரும்பும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று சந்தையில் கால் கிலோ பூண்டு வாங்கிக்கொள்கிறார். வீட்டில் தேவைக்கு மேல் பூண்டு சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அதை ஊறுகாய் போட்டு விற்கத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார்.